நகையும் கரியும்

தலைப்பைக் கண்டு, தங்க நகையையும் அடுப்புக் கரியையும் எண்ணிக்கொண்டு இப்பக்கத்தைத் திறந்த நண்பர்கள் மன்னிக்க வேண்டும். தங்கம் இன்று விற்கும் விலையில் அதைப்பற்றி எழுதும் தகுதி விடுதி மாணவனுக்கு இல்லை. அடுப்புக் கரியோ நம் விடுதிச் சமையற்கூடத்தை விட்டு என்றோ போய்விட்டது. நான் கூற வந்தவை பழந்தமிழில் வரும் நகையும் கரியும். நகை என்றால் சிரிப்பு. கரி என்றால் சாட்சி. ஐம்புலன்களை அடக்கியவனுடைய ஆற்றலுக்கு இந்திரனே போதிய சாட்சி என்று சொல்லுமிடத்தில் வள்ளுவர் கரி என்னும் சொல்லையே ஆள்கிறார். ஐயமுள்ளவர்கள் 25-ஆம் குறளைப் புரட்டிப் பார்க்கலாம்.

மலராசிரியர் என்னிடம் கேட்டது ஒரு நகைச்சுவைக் கட்டுரை. "நீ எழுதினால் சிரித்துக்கொண்டே படிப்பார்கள்" என்றார். சங்க மேடையில் எனக்கு அப்படியொரு பெயர் வாய்த்துவிட்டது. நானும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். சாதுரியமான நகைச்சுவையை ஆங்கிலேயர் 'விட்' என்கிறார்களே, அச்சொல்லின் பிறப்பு என்னவென்று தெரிந்துகொண்டு முதல் வரியில் அதைச் சொல்லிக் கொஞ்சம் மேதாவித்தனம் காட்டலாம் என்று அகராதியைப் பிரித்தேன். வினை அங்கேதான் காத்திருந்தது.

'விட்' என்பதற்கு முதற்பொருள் சிரிப்பன்று, அறிவு. பழைய ஆங்கிலத்தில் 'விட்டன்' என்றால் அறிதல். சாட்சியைக் குறிக்கும் 'விட்னஸ்' என்னும் சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். அதுவும் தொடக்கத்தில் அறிவு என்றே பொருள்பட்டு, பிறகு அறிந்ததை எடுத்துரைத்தல் என்றாகி, அதன் பின் எடுத்துரைக்கும் ஆளையும் குறிக்கலாயிற்று. வடமொழியில் 'வித்' என்ற வேரும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது மொழிநூலார் துணிபு. வேதமும் வித்தையும் நம் ஊர் வித்துவானும் அதன் மக்கள். நாம் வழங்கும் சாட்சி என்ற சொல்லுக்கோ, கண்ணோடு கூடியவன் என்று பொருள். சான்று என்ற நம் சொல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சால்பு, சான்று, சான்றோர் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நிறைந்தவன் எவனோ அவனே சான்றோன். அவன் வாய்ச்சொல்லே சான்று.

ஆக, மேடையில் சாதுரியமாகப் பேசுகிறவனும் மன்றத்தில் சாட்சி சொல்கிறவனும் ஆங்கிலத்தில் உடன்பிறந்தார்கள். இருவருக்கும் முதல் ஒன்றே: அறிந்திருத்தல். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் சிலப்பதிகாரத்தில் ஒரு காட்சி.

கோவலன் கொலையுண்டது பொற்கொல்லன் சொன்ன பொய்யால் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் பொய்யும் மன்னன் ஆணையும் மட்டும் அதற்குப் போதவில்லை. கொலைக்களக் காதையை நிதானமாகப் படியுங்கள். மன்னன் அனுப்பிய காவலர் கோவலனை நேரில் கண்டதும், இவன் கள்வனல்லன், கொல்லத்தக்கவன் அல்லன் என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் கண் கண்டுவிட்டது, வாயும் திறந்துவிட்டது. அப்போது பொற்கொல்லன் வாளை எடுக்கவில்லை, மன்னனிடமும் ஓடவில்லை. அவர்களைப் பார்த்து உள்ளூர நகைத்தான்! பிறகு களவு நூல் வல்லாரின் திறமைகளை அடுக்கடுக்காக எடுத்துரைத்தான். மந்திரம் என்றான், மருந்து என்றான், தந்திரம் என்றான். கேட்பவர் வாயடைத்து நிற்கும்படி பேசினான். பேச்சு முடிந்தபோது, கண்ணால் கண்டதைச் சொன்ன காவலர்களுக்குத் தாம் பேதையரோ என்ற ஐயம் வந்துவிட்டது. கல்வியறிவற்ற குடியன் ஒருவன் வாளை வீசினான். அந்த வாள் இறங்குவதற்கு முன்பே கரி நகையிடம் தோற்றிருந்தது.

நகையை நான் பழிப்பதாக எண்ணவேண்டா. எண்வகை மெய்ப்பாட்டில் தொல்காப்பியர் முதலில் வைத்தது நகையைத்தான். ஆயினும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று சொல்லி, அவற்றுள் முதலாவதாக அவர் வைத்தது எள்ளல் அன்றோ! பிறரை எள்ளிச் சிரிப்பது எவ்வளவு எளிது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி என் கதை.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு. விடுதி உணவுக்கூடத்தில் நாங்கள் நால்வர் ஒரு மேசையில் அமர்ந்திருந்தோம். நால்வரும் இச்சங்கத்தினர். அடுத்த மேசைக்கு ரொட்டி கொண்டுவந்தவர், நாம் எல்லோரும் 'சாச்சா' என்றழைத்த பெரியவர். ரொட்டி தாமதமாயிற்று என்று மூத்த மாணவர் ஒருவர் சத்தம் போட்டார். "தம்பி, இரண்டு நிமிடம், அடுத்த ரொட்டி வந்துகொண்டிருக்கிறது" என்றார் சாச்சா. அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த மாணவர் எழுந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார். பெரியவர் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து நெடுநேரம் சுழன்றது. குறுந்தொகையின் 25-ஆம் பாட்டில் கபிலர் ஒரு குருகைக் காட்டுகிறார். தலைவன் தலைவியை மணந்த பொழுது அங்கே வேறு யாரும் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்று மட்டும் இருந்ததாம். அன்று நாங்கள் நால்வரும் அந்தக் குருகுகளாக இருந்தோம். எங்கள் கண் தட்டிலிருந்த பருப்பில் இருந்தது.

மறுநாள் அந்த மாணவர் முந்திக்கொண்டு முறையிட்டார். பணியாள் தம் தாயை இழித்துப் பேசினார், அதனால்தான் கை நீண்டுவிட்டது என்றார். வார்டன் எங்களை ஒவ்வொருவராக அழைத்து, "அந்த ஆள் என்ன சொன்னான்?" என்று கேட்டார். மற்றவர்கள் சொன்னதை அவர்கள் சொல்லட்டும். நான் சொன்னதை நான் சொல்கிறேன். "ஐயா, எனக்கு இந்தி அவ்வளவாகப் பிடிபடாது" என்றேன்.

தமிழ் மாணவர்களே, இந்நகரில் நமக்குள்ள மிக வசதியான கவசம் இது. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும்போது வருகிற இந்தி, வம்பு வரும்போது வருவதில்லை. வார்டனும் ஆங்கிலத்தில் பரிவோடு தலையசைத்து என்னை அனுப்பிவிட்டார். அந்த வாரமே சாச்சா வேலையை விட்டு நிறுத்தப்பட்டார். ஒப்பந்தக்காரரின் ஆள் என்பதால் விடுதிக்கு இதில் பொறுப்பில்லை என்றார்கள். அம்மாதச் சம்பளம் அவருக்குக் கிடைத்ததா என்பது சமையற்கூடத்தில் எவருக்கும் தெரியவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் கோழைத்தனம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். தை மாதத்தில் நம் பொங்கல் விழா வந்தது. மேடையில் கால் மணி நேரம் எனக்குக் கொடுத்தார்கள். 'நான்' என்பதற்கு 'ஹம்' என்று சொல்லும் சாச்சாவின் பேச்சை அப்படியே நடித்துக் காட்டினேன். "இரண்டு நிமிடம், அடுத்த ரொட்டி" என்று அவர் இழுக்கும் இழுப்பையும், தட்டு விழுந்து சுழன்ற ஓசையையும் வாயாலேயே எழுப்பினேன். மண்டபம் அதிர்ந்தது. ஒருமுறை போதாதென்று மறுமுறை கேட்டார்கள். படிக்கும் நீங்களும் அன்று கை தட்டியிருக்கக் கூடும்.

அகராதியை மூடி வைத்தபோது என் நினைவுக்கு வந்தது இதுதான். சிரிக்க வைப்பதற்கு எனக்கு இந்தி தெரிந்திருந்தது; சாட்சி சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது என்பதற்கு, அந்தக் கால் மணி நேரத்தைக் கண்ட நீங்கள் அத்தனை பேரும் சாட்சி.

புகார் நகரத்துச் சதுக்கத்தில் ஒரு பூதம் இருந்ததென்று இளங்கோவடிகள் பாடுகிறார். அறுவகைத் தீயோரை அது பாசத்தால் கட்டிப் புடைத்து உண்ணுமாம். பொய்க்கரியாளர் அவ்வறுவருள் ஒருவர். கண்டும் காணேன் என்றவன் அப்பட்டியலில் தனியாகச் சொல்லப்படவில்லை. இதைக் கண்டு சிறிது ஆறுதல் அடைந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. பிறகு பார்த்தால் அதே பட்டியலில் புறங்கூற்றாளர் இருக்கிறார்கள். ஆள் போன பிறகு மேடையில் அவரைப் பழித்துக் காட்டியவன் எந்தக் கணக்கில் வருவான்?

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நமக்கேன் வம்பு? இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் படிக்க வந்த இடம். இவர்கள் சண்டையில் நாம் யார்?" என்றார். நியாயமான கேள்வி, நம்மில் பலர் மனத்தில் இருப்பதும் அதுவே. சாச்சாவின் ஊர் பீகாரில் மோதிஹாரிப் பக்கம் என்று சமையற்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். மோதிஹாரி என்ற பெயரைப் பள்ளிப் பாடத்தில் படித்தது நினைவுக்கு வரவே, சம்பாரண் வரலாற்றை நூலகத்தில் தேடிப் படித்தேன். நண்பருடைய கேள்விக்கு விடை அங்கே கிடந்தது.

சம்பாரண் மாவட்டத்தில் இருபது கட்டா நிலம் ஒரு பிகா. அதில் மூன்று கட்டாவில் நிலவுடைமையாளரான வெள்ளைத் தோட்ட முதலாளிக்காக அவுரி பயிரிட வேண்டும் என்பது கட்டாயம். இதற்குத் தீன்கட்டியா என்று பெயர். செயற்கைச் சாயம் வந்து அவுரியின் விலை சரிந்தபோது, அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவிப்பதற்கென்றே குடியானவர்களிடம் பணம் கறந்தார்கள். ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி விடாமல் நச்சரித்து 1917-இல் காந்தியடிகளை அங்கே அழைத்து வந்தார். தோட்ட முதலாளிகள் சங்கத்துச் செயலாளர் அவரிடம் என்ன சொன்னார் தெரியுமா? நீர் வெளியூரார், முதலாளிக்கும் குடியானவனுக்கும் இடையில் வர உமக்கு வேலையில்லை என்றார். என் நண்பர் சொன்னதும் அதுவே! வெளியேறும்படி வந்த உத்தரவைக் காந்தியடிகள் மீறினார். 1917 ஏப்ரல் 18 அன்று மோதிஹாரி நீதிமன்றத்தில், உத்தரவை மீறியது உண்மை என்று தாமே ஒப்புக்கொண்டார். வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. பிரஜ்கிஷோர் பிரசாத், ராஜேந்திர பிரசாத் போன்ற வக்கீல்கள் உதவிக்கு வந்தார்கள். உங்கள் சட்ட அறிவு எனக்கு அதிகம் தேவைப்படாது, எழுத்தர் வேலையும் மொழிபெயர்ப்பும்தான் வேண்டும் என்று காந்தியடிகள் சொல்லிவிட்டார். அவ்வூர்ப் பேச்சு அவருக்கு விளங்காது. கைதி எழுத்தில் எழுதிய தாள்களைப் படிக்கவும் தெரியாது. உண்மையாகவே மொழி தெரியாதவர் அவர். தெரியாது என்பதைச் சொல்லி, தெரிந்தவர்களை அருகில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் தெரிந்துகொண்டே தெரியாது என்றேன்.

ஆயிரக்கணக்கான குடியானவர்கள் வரிசையில் வந்து தங்கள் குறையைச் சொன்னார்கள். வாக்குமூலம் எழுதியவர்களுக்குச் சில விதிகள் இருந்தன. வந்தவர் ஒவ்வொருவரையும் குறுக்குக் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டும். சோதனையில் நிற்காதவர் சொல்லை எழுதக்கூடாது. இரகசியப் போலீசார் உடன் இருந்து கேட்பதையும் காந்தியடிகள் தடுக்கவில்லை. போலீஸ் முன்னிலையிலேயே சொல்லிப் பழகியதால் குடியானவர்களின் அச்சம் தெளிந்தது. மிகைப்படுத்திச் சொல்வதும் குறைந்தது. இந்த ஏற்பாட்டில்தான் உண்மையான அறிவுக் கூர்மையைக் காண்கிறேன். எதைக் கேட்டால் பொய் உதிரும், எப்படி எழுதினால் எதிரியும் மறுக்க இயலாது என்று தெரிந்திருப்பதும் 'விட்' தான். அதைக் கேட்டு யாரும் கை தட்டமாட்டார்கள், அவ்வளவுதான். அரசாங்கம் விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. காந்தியடிகளும் அதில் உறுப்பினர். கறந்த பணத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து திருப்பிக் கொடுக்கப்பட்டது. 1918-இல் வந்த சட்டத்தால் தீன்கட்டியா ஒழிந்தது.

கண்ணகியும் இவ்வகையினளே. பாண்டியன் அவையில் அவள் கண்ணீரை மட்டும் கொண்டு வழக்காடவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள்; தங்களுடையது முத்து என்றான் மன்னன். உடைத்துக் காட்டினால் தீர்ந்துவிடக் கூடிய இடத்தில் வழக்கைக் கொண்டுவந்து நிறுத்திய கூர்மையைப் பாருங்கள். மாணிக்கம் தெறித்தது. தன்னையே கள்வன் என்று கூறிக்கொண்டு மன்னன் விழுந்தான்.

நம் காலத்துக்கு வருவோம். இதே டில்லியில் 1999 ஏப்ரல் இறுதியில் ஓர் இரவு விருந்தில், மது ஊற்றிக் கொடுக்க மறுத்த ஜெசிகா லால் என்ற பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். விருந்துக்குப் பலர் வந்திருந்தனர். வழக்கு நடந்தபோது சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தனர். முக்கியமான சாட்சி ஒருவர், தம் வாக்குமூலம் இந்தியில் எழுதப்பட்டது, தமக்கு இந்தி தெரியாது என்றார். இதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. 2006 பிப்ரவரியில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட்டனர். நாடே கொதித்தது, மேல்முறையீட்டில் அதே ஆண்டு டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

சாட்சி சொல்வதில் ஆபத்து இல்லை என்று நான் வாதிடவில்லை. சாட்சிகளின் உயிருக்கு அச்சம் உண்டு என்பதை உணர்ந்தே உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, நாடெங்கும் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. கொலையைக் கண்டவனுடைய அச்சம் வேறு. எனக்கு இருந்த அச்சம் என்ன? அந்த மூத்த மாணவர் விளையாட்டுக் குழுவில் செல்வாக்குள்ளவர். அறை ஒதுக்கீட்டில் அவர் சொல் எடுபடும். காற்றோட்டமுள்ள மேற்கு வரிசை அறை எனக்குக் கிடைத்தது. ஒரு சன்னலுக்காக ஒரு மனிதரின் வேலை போக விட்டேன் என்பதே கணக்கு. பேச இயலாதவரும் எழுத்தாலோ சைகையாலோ சாட்சி கூறலாம் என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் அவ்வாறே சொல்கிறது. எனக்கோ வாயும் இருந்தது, மொழியும் இருந்தது.

நம் சங்கத்தில் பட்டிமன்றம் வைத்தால் மண்டபம் நிரம்புகிறது. காளமேகத்தின் சிலேடைகளை மேற்கோள் காட்ட முப்பது பேர் இருக்கிறார்கள். அதே சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, நம் விடுதிகளில் கண்ணெதிரே நடந்த அநீதியை அன்றிரவே தேதியிட்டு எழுதிக் கையொப்பமிடுவது என்று ஏன் வழக்கம் செய்துகொள்ளக் கூடாது? சம்பாரண் வக்கீல்கள் போலக் கண்டது இவ்வளவு, கேட்டது இவ்வளவு என்று பிரித்து எழுதினால் போதும். மிகையும் வேண்டா, வீர வசனமும் வேண்டா. விழா நடக்கும் நாளில் நகைச்சுவைக்கு நானே மறுபடியும் மேடையேறுகிறேன். எவரைப் பற்றிச் சிரிக்கிறோமோ அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு.

நகைச்சுவைக் கட்டுரைக்குப் பதிலாக நான் எழுதி முடித்தது ஒரு கடிதம். வார்டனுக்கு எழுதியது, இந்தியில், மூன்று பக்கம். ரொட்டி பெண்பால், சோறு ஆண்பால் என்று வகுப்புத் தோழர் ஒருவர் ஒன்பது இடங்களில் திருத்தித் தந்தார். பழைய வார்டன் மாறிப் போய்விட்டார். புதியவரிடம் நேற்றுப் பேசினேன். எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தக்காரரை அழைத்துக் கேட்பதாகச் சொன்னார். சாச்சாவின் ஊர் முகவரியைத் தேடித் தருவதாகச் சமையற்காரரும் சொல்லியிருக்கிறார். கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அன்று அந்த மேசையில் என்னோடு இருந்த மூவருக்கும் இந்த மலர் வந்து சேரும். வெள்ளிக்கிழமை மாலை வரை என் அறை திறந்திருக்கும். சனிக்கிழமை காலையில் கடிதம் எத்தனை கையெழுத்தோடு இருக்கிறதோ அத்தனையோடு போகும்.